திருந்திவிட்டார் என்று யார் சொன்னது?

கேள்வி: ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’ என்ற பழைய ஆங்கிலப் படத்தை ஆஹா ஓஹோ என்கிறார்களே என்று பார்த்தேன். கொலைக் கதையாகச் சுமார்தான். நிறவெறி பிடித்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி கடைசியில் திருந்திவிடுகிறார். இதில் என்ன பெருமை?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: திருந்திவிட்டாரா? இன்னொரு தடவை பாருங்கள். படம் முடியப்போகும் நேரத்தில் ஓர் இரவுக் காட்சி. அதிகாரி கில்லெஸ்பி தன் வீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று யாரும் இல்லை என்று மனம்விட்டுப் பேசுகிறார். அவரோடு சேர்ந்து கொலையை விசாரிக்கும் கறுப்பரான டிப்ஸ் பரிவாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், சீறி விழுகிறார் கில்லெஸ்பி. ஒரு கறுப்பர் தன்மேல் இரக்கப்படுவதை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் ரயில் நிலையத்தில் டிப்ஸின் பெட்டியைத் தூக்கி வருகிறார், சரி. அதற்கு மேல் படம் எதையும் சொல்லவில்லை.

கொலைக் கதை சுமார் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர். தொழிற்சாலை கட்ட வந்த பணக்காரர் தெருவில் செத்துக் கிடக்கிறார். ரயிலுக்காகக் காத்திருந்த டிப்ஸைச் சுவரில் கைவைத்து நிற்கச் சொல்லிச் சோதிக்கிறார் ஒரு போலீஸ்காரர். பர்ஸில் பணம் இருக்கிறது. கறுப்பரிடம் இவ்வளவு பணமா? கொலைகாரன் அகப்பட்டுவிட்டான்! பிடிபட்டவரோ பிலடெல்பியா போலீஸில் கொலை வழக்கு நிபுணர், வாரச் சம்பளம் 162 டாலர் 39 சென்ட். அடுத்து, செத்தவரின் பர்ஸோடு மாட்டிய ஓர் இளைஞன். அவன் இடதுகைக்காரன், அடித்தவன் வலதுகைக்காரன் என்று டிப்ஸ் காட்டுகிறார். அப்புறம், முதலில் டிப்ஸைப் பிடித்த அதே போலீஸ்காரரையே கில்லெஸ்பி உள்ளே தள்ளுகிறார். மூன்று கைது, மூன்றும் தப்பு.

முன்முடிவிலிருந்து டிப்ஸும் தப்பவில்லை. பருத்திப் பண்ணை முதலாளி எண்டிகாட்தான் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று அவர் மனம் அடித்துக்கொள்கிறது. நீயும் எங்களைப்போல்தானே என்று கில்லெஸ்பி கேட்கும்போது அவரிடம் பதில் இல்லை. நாயகன்மேலேயே கைவைத்த அந்த நேர்மைக்காகவே எனக்கு இந்தப் படம் உசத்தி.

எண்டிகாட்டின் ஆர்க்கிட் செடிகளுக்கு நடுவே விழும் அந்தக் கன்னத்து அறையை மறந்துவிட்டீர்களே! கேள்வி கேட்டதற்காக எண்டிகாட் டிப்ஸின் கன்னத்தில் அறைகிறார். மறு கணமே டிப்ஸ் திருப்பி அறைகிறார். எலுமிச்சைச் சாறு கொண்டுவந்த கறுப்பினப் பணியாள் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்ன செய்யப்போகிறாய் என்று எண்டிகாட் கேட்க, தெரியவில்லை என்கிறார் கில்லெஸ்பி. படம் வெளியான ஆண்டு 1967. கறுப்பர்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வந்து இரண்டே வருடம். டிப்ஸாக நடித்த சிட்னி பாய்ட்டியரை 1964இல் நிஜமான மிசிசிப்பியில் வெள்ளை வெறியர்கள் காரில் துரத்தியிருந்தார்கள். தெற்கே வரமாட்டேன் என்று அவர் சொன்னதால்தான் படத்தின் பெரும்பகுதியை வடக்கே இல்லினாய்ஸில் எடுத்தார்கள்.

குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஆஸ்காரைச் சொல்லுங்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் தள்ளி, 1968 ஏப்ரல் 10இல் விழா நடந்தது. சிறந்த படம் உட்பட 5 விருதுகள். கில்லெஸ்பியாக நடித்த ராட் ஸ்டைகருக்குச் சிறந்த நடிகர் விருது. பாய்ட்டியரின் பெயர் போட்டிப் பட்டியலில்கூட இல்லை.