‘சவத்த விடு’ என்பதிலும் வடசொல் உண்டு: சமஸ்கிருதம் பற்றி நெல்லைக்காரர்கள் கேட்டவை

பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக வேலை பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல்தான் சமஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தேன். நம்ம பக்கத்து ஆட்கள் அதைப் பற்றிக் கேட்டவற்றில் சிலவும், என் பதில்களும் இங்கே.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்: டீச்சர், சமஸ்கிருதம் கோயில் மந்திரத்தோடு சரி. நம்ம வட்டாரப் பேச்சில் அதற்கு இடமே இல்லை, அப்படித்தானே?

இருக்கிறது, நிறையவே. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் பேத்தியிடம், “சவத்த விடு, வெசனப்படாத” என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு வடசொல். சவம் என்றால் சமஸ்கிருதத்திலும் பிணம்தான். வெசனம் என்பது ‘வ்யஸனம்’. துன்பம், கேடு என்று பொருள். ‘எசமான்’ என்கிறோமே, அங்கே ‘யஜமானன்’ என்றால் வேள்வியைத் தன் செலவில் செய்விப்பவர். சம்பளம் கொடுக்கிற முதலாளி என்ற பொருள் பிறகு வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது ‘நேயம்’. ‘ஸ்நேஹம்’ என்பதுதான் தமிழ் வாய்க்கு ஏற்றபடி இப்படி ஆனது. ஸ்நேஹத்துக்கு அன்பு என்றும் பொருள், எண்ணெய்ப் பிசுக்கு என்றும் பொருள். ஒட்டிக்கொண்டால் விடாது!

இதற்குத் தொல்காப்பியர் வழி சொல்லிவிட்டார்: ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே.’ வடமொழிக்கே உரிய எழுத்தை விட்டுவிட்டு, நம் எழுத்தோடு பொருந்தி வந்தால் எடுத்துக்கொள் என்கிறார். கதவு திறந்திருக்கிறது, ஆனால் வாசலில் ஒரு ஆள் நிற்கிறார்.

தென்காசி கல்லூரி மாணவி: அப்படியென்றால் தமிழே சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்று தாத்தா சொல்வது சரியா?

இல்லம்மா. சொல்லைக் கடன் வாங்குவது வேறு, பிறப்பு வேறு. நான், நீ, கண், கை, வா, போ எல்லாம் நம் சொந்தச் சரக்கு. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-லேயே எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதினார். 1856-இல் கால்டுவெல் அதை ஒப்பிலக்கணமாக விரித்து நிறுவினார். அவர் வாழ்ந்த இடையன்குடி நெல்லை மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஒரு நாள் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. இன்னொன்றும் சொல்: சமஸ்கிருத ‘மீன’, ‘நீர’ இரண்டும் திராவிடத்திலிருந்து போனவை என்பது பல மொழியறிஞர்கள் கருத்து. நம்ம மீன் அங்கே போய், ராசிக் கட்டத்தில் ‘மீனம்’ என்று திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர்: தாமிரபரணி வடமொழிப் பெயர்தானே?

ஆமாம். தமிழில் பொருநை. காளிதாசன் ரகுவம்சத்தின் நான்காம் சர்க்கத்தில், தாமிரபரணி கடலோடு சேரும் இடத்து முத்துக்களைப் பாண்டியர்கள் ரகுவுக்குக் கொடுத்ததாகப் பாடுகிறான். அர்த்தசாஸ்திரமும் முத்து வகைகளில் ‘தாம்ரபர்ணிகம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. நம்ம ஆற்றை அவ்வளவு தூரத்தில் உள்ளவர்களும் அறிந்திருந்தார்கள் என்று நினைக்கும்போதே மனசு நிறைகிறது.

சேரன்மகாதேவி அண்ணாச்சி ஒருவர்: நம்ம சீமையில் சமஸ்கிருதத்தில் எழுதிய புலவர் யாராவது உண்டா?

உண்டு அண்ணாச்சி, பெரிய ஆள். பதினேழாம் நூற்றாண்டின் நீலகண்ட தீட்சிதர். மதுரையில் நாயக்கர் அரசில் பெரிய பொறுப்பில் இருந்தார் என்றும், கடைசிக் காலத்தை நெல்லைக்குப் பக்கத்தில் பாலாமடையில் கழித்தார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ‘நீலகண்ட விஜயம்’ என்ற சம்பூ காவியத்தில் (உரைநடையும் செய்யுளும் கலந்தது), கலியுக ஆண்டு 4738-இல் எழுதியதாக அவரே குறிக்கிறார், அது கி.பி. 1637. மதுரைத் திருவிளையாடலை ‘சிவலீலார்ணவம்’ என்ற காவியமாகப் பாடினார்.

ஆனால் நான் முதலில் கையில் கொடுப்பது ‘கலிவிடம்பனம்’. எடுத்த எடுப்பிலேயே, சபையில் ஜெயிக்க வேண்டுமா, பயப்படாதே, புரிந்துகொள்ள முயலாதே, எதிராளி பேச்சைக் காதில் வாங்காதே, சட்டென்று பதில் சொல் என்கிறார். அப்புறம் ஜோசியர் வருகிறார். வயிற்றில் என்ன குழந்தை என்று கேட்டால் அப்பாவிடம் மகன் என்றும் அம்மாவிடம் மகள் என்றும் சொல்லிவிடு, எது பிறந்தாலும் வெற்றி உனக்கே! சமஸ்கிருதம் என்றாலே தோத்திரம் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அந்தக் காலத்து மனுஷர்கள் முகம் முகமாகத் தெரிகிறார்கள்.

மேலப்பாளையத் தம்பி ஒருவர்: எனக்கு நாகரி எழுத்து தெரியாது. படிக்க முடியுமா?

தாராளமாக. நாகரி பிறகு வரட்டும். தமிழ்நாட்டில் சமஸ்கிருதத்தைப் பெரும்பாலும் கிரந்த எழுத்தில்தான் எழுதினார்கள். பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்திலும் இருக்கின்றன. இப்போது நீங்கள் எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் கிரந்தம் தந்தவை. தமிழில் அச்சிட்ட சுலோகப் புத்தகங்களில் சமஸ்கிருதத்தின் நான்கு வகைக் ககரங்களைக் காட்ட க1, க2, க3, க4 என்று எண் போட்டிருப்பார்கள், அதுவே ஆரம்பத்துக்குப் போதும்.

க1-க்கும் க2-க்கும் வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. பாடம் சொன்னவர் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைக்கச் சொன்னார். க1 சொன்னால் கையில் காற்று அவ்வளவாகத் தெரியாது. க2 சொன்னால் ‘புஸ்’ஸென்று அடிக்கும். இன்றைக்கே செய்து பாருங்கள்.

இலக்கணத்தில் இரண்டு இடத்தில் தமிழ் மனசு முரண்டு பிடிக்கும். ஒருமை, பன்மை போக நடுவில், இரண்டைக் குறிக்க, ‘இருமை’ என்று ஒன்று உண்டு. அப்புறம், பால் என்பது பொருளை வைத்து அல்ல, சொல்லை வைத்து. மனைவியைக் குறிக்கும் ‘பார்யா’ பெண்பால், ‘தாரா:’ ஆண்பால், அதுவும் எப்போதும் பன்மை. ஜாதகத்தில் சொல்கிறோமே ‘களத்திரம்’, அதற்கும் மனைவி என்றுதான் பொருள், ஆனால் நபும்சக லிங்கம், அதாவது ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஏன் என்று கேட்டு நிற்காமல் மனப்பாடம் செய்யுங்கள்.

முதல் வாரம் ‘ராம: ராமௌ ராமா:’ (ஒருமை, இருமை, பன்மை) மட்டும் போதும். சத்தமாக, தினமும் கால் மணி நேரம். அது வாயில் வந்ததும் எழுதுங்கள், ‘ஹரி’ சப்தம், அதாவது அந்தச் சொல் வேற்றுமைகளில் மாறும் வடிவங்கள், சொல்லித் தருகிறேன்.