47ஆம் அத்தியாயத்தில் கதை எங்கே?

கைதி தன் கதையைச் சொல்லவேண்டிய அத்தியாயம் காலியாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். உங்கள் பிரதியில் பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை, கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். விக்டர் ஹ்யூகோவின் ‘மரண தண்டனைக் கைதியின் கடைசி நாள்’ நாவலில் 47ஆம் அத்தியாயமே அப்படித்தான். ‘என் கதை’ என்று தலைப்பு. கீழே, கைதி அதை எழுதிய தாள்கள் கிடைக்கவில்லை என்று பதிப்பாளர் குறிப்பு. அந்தக் குறிப்பும் ஹ்யூகோவின் வேலைதான். அந்தக் கைதி என்ன குற்றம் செய்தான் என்று தெரிந்தால் நாமே நீதிபதியாகிவிடுவோம், இல்லையா? 1829இல் பெயர் போடாமல் வெளியிட்டவர், 1832 முன்னுரையில்தான் எல்லாக் கைதிகளுக்குமான வாதம் இது என்று வெளிப்படையாகச் சொன்னார். நீங்கள் எழுதும் கட்டுரைக்கு முதலில் அந்த முன்னுரையைப் படியுங்கள்.

ஒப்பிட இன்னொன்று கேட்டீர்களே, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1957இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரம் பற்றி எழுதியதை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் தலை வெட்டப்படுவதைப் பார்க்கப் போன அவருடைய அப்பா, வீடு திரும்பி, பேசாமல் படுத்து, அப்புறம் வாந்தியெடுத்ததில் தொடங்குகிறது.