மேட்டில் ஓர் ஊர், அதில் வெள்ளம்

அன்புள்ள சார்,

மனித வாழ்க்கையை நிலம்தான் வகுக்கிறது என்று போன கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, ஆறே இல்லாத பெங்களூரில், 2022 செப்டம்பரில் நாங்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனோம். இதில் நிலம் எதை வகுத்தது? மனிதன் செய்த கோளாறுதானே?

எஸ்., பெல்லந்தூர்

அன்புள்ள எஸ்.,

கோளாறு மனிதனுடையதுதான், சரி. ஆனால் அந்த 900 மீட்டரை நம்பி ஏமாறாதீர்கள். இந்த ஊர் ஒரு மேட்டின் முதுகு. முதுகில் ஆறு ஓடாது, தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும். மேற்கே விழும் மழை விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு, கிழக்கே விழுவது உங்கள் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தென்பெண்ணைக்கு. இரண்டும் தமிழ்நாட்டுக்குத்தான் வருகின்றன. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதாகச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும், நான் துணி துவைத்த தண்ணீரும் அதில் உண்டு.

ஆறில்லாததால்தான் பழைய ஆட்கள் பள்ளத்துக்குப் பள்ளம் கரை போட்டு ஏரி கட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் கலங்கல் வழியே வழிந்து, ராஜகாலுவே என்று கன்னடத்தில் சொல்லும் பெரிய வாய்க்காலில் இறங்கிக் கீழ் ஏரிக்குப் போகும். கரைக்குக் கீழே நெல், மேட்டில் ராகி. அந்தத் தண்ணீரை நம்பித் தோட்டம் போட்டவர்கள் திகளர்கள், அவர்கள் எடுக்கும் கரகம் இன்றும் சம்பங்கி ஏரியில் மிஞ்சிய சின்னக் குளத்துக்குப் போகிறது. மீதி ஏரிமேல் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. தர்மாம்புதி ஏரிதான் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு ஆனது.

1890-களில் ஊருக்கு வெளியே ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய், 1974-இல் காவிரி, அதுவும் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றி. குழாயில் தண்ணீர் வந்த பிறகு ஏரி நமக்கு வெறும் காலிமனை.

அப்புறம், ஒன்றில் நீங்கள் சொல்வது சரி. தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதுதான் நிலத்தின் கையில் இருக்கிறது, அங்கே யாரைக் குடிவைப்பது என்பது நம் கையில். கோடிக்கணக்கில் கொடுத்து வில்லா வாங்கியவர்களுக்கு அந்த ஒரு வாரம் டிராக்டர் வந்தது, டிவியும் வந்தது. காலுவே ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டிருப்பவர்களுக்கு ஒவ்வொரு பெருமழையும் அதே கதைதான், அங்கே யாரும் மைக் நீட்டுவதில்லை.

முடிந்தால் உங்கள் இடத்துக்கான பழைய கிராம வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். நான் பார்த்தது வீடு வாங்கி ஆறு வருஷம் கழித்து. எங்கள் அடுக்ககத்தின் பின்சுவர் வாய்க்காலுக்குள் நிற்கிறது.