சட்டம் கேளுங்கள்: சிறைப் பதிவேட்டில் ஒரு வரி

கேள்வி: என் தம்பி விசாரணைக் கைதியாக மத்திய சிறையில் இருக்கிறான். ஜாமீன் கிடைத்து நான்கு நாள்கள் ஆகியும் விடவில்லை. உத்தரவில் தகப்பனார் பெயர் வேறு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். ஓர் எழுத்துக்காக ஆளை உள்ளேயே வைத்திருக்கலாமா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ரிமாண்ட் வாரண்டில் ‘சுப்பிரமணி’ என்றும் ஜாமீன் உத்தரவில் ‘சுப்பிரமணியன்’ என்றும் தகப்பனார் பெயர் இருந்ததால் ஓர் இரவு கூடுதலாக உள்ளே இருந்த இளைஞரைச் சிறை வாசலில் காத்திருந்து அழைத்து வந்திருக்கிறேன். அவருடைய தாயார், மாற்றுச் சட்டை வைத்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விடியும்வரை எதிரிலிருந்த தேநீர்க் கடையின் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒருவரை உள்ளே வைக்கும் அதிகாரமும் வெளியே விடும் அதிகாரமும் சிறை நிர்வாகத்துக்குக் காகிதத்திலிருந்துதான் வருகின்றன. சேர்க்கப்பட்டவர்களின் பதிவேடு, ஒவ்வொருவரும் விடுதலையாக வேண்டிய நாளைக் காட்டும் புத்தகம், கைதிகளிடமிருந்து வாங்கி வைத்த பணம் மற்றும் பொருள்களின் கணக்கு முதலியவற்றைக் கண்காணிப்பாளர் பராமரிக்க வேண்டும் என்கிறது 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அவற்றையும் வாரண்டுகளையும் பத்திரமாகக் காக்கும் பொறுப்பை 17-ஆம் பிரிவு ஜெயிலரிடம் ஒப்படைக்கிறது. ஒரே பெயரில் பலர் இருக்கும் இடத்தில் ஆள் மாறிப் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் அதற்காகத்தானே அங்க அடையாளங்களையும் எழுதி வைக்கிறார்கள்? அவற்றை ஒப்பிட்டு, நீதிமன்ற அலுவலகத்தையும் கேட்டு அன்றைக்கே தீர்க்கக்கூடிய ஐயத்தை நாள்கணக்கில் இழுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழக்கறிஞர் மூலம் அதே நீதிமன்றத்தில் உடனே திருத்த மனு கொடுங்கள். வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சொல்லும் ஆணை) ஏதும் நிலுவையில் உள்ளதா என்றும் சிறை அலுவலகத்தில் கேளுங்கள். பல நேரங்களில் தடை அங்கேதான் இருக்கும். ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும், ஜாமீன் தேதியை இ-பிரிசன்ஸ் மென்பொருளில் பதிய வேண்டும், ஏழு நாள்களில் விடுதலை ஆகாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31-இல் உத்தரவிட்டிருக்கிறது. ஏழாம் நாள்வரை காத்திராமல் நீங்களே அந்த அலுவலகத்துக்குச் செல்லலாம், உதவி இலவசம்.

பீகாரைச் சேர்ந்த ருதுல் ஷா 1968 ஜூனில் நீதிமன்றத்தால் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டும் 1982 அக்டோபர்வரை சிறையிலேயே இருந்தார். நிர்வாகம் சொன்ன காரணங்களை ஏற்காத உச்ச நீதிமன்றம், 1983-இல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தப் பதினான்கு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கேள்வி: ரிமாண்டில் இருந்த நாள்கள் தண்டனையில் கழியுமா?
— வாசகர், தேனி

பதில்: கழியும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்தக் கணக்குக்குச் காவலில் வைக்கப்பட்ட தேதியே அடிப்படை என்பதால், வாரண்ட் நகலை வீட்டிலும் ஒன்று வைத்திருங்கள்.

கேள்வி: சிறையில் சேர்க்கும்போது உடலில் உள்ள காயங்களை எழுதுவார்களாமே, அதன் நகலைக் குடும்பத்தினர் பெற முடியுமா? இப்போது எல்லாம் கணினியில் ஏறுகிறதே, என் மகனின் நோய் விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: சேர்க்கப்பட்டவுடன் உடல்நிலையையும் காயங்களையும் தழும்புகளையும் மருத்துவ அலுவலர் பதிய வேண்டும் என்பது சிறைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் அடிபட்டாரா, சிறைக்குள் அடிபட்டாரா என்ற கேள்வி பின்னால் எழும்போது பேசப் போவது அந்த ஒரு வரிதான். நகல் கேட்கும் மனுவில் மகனே கையெழுத்திடுவது நல்லது. அடுத்த முறை மனு பார்க்க, அதாவது அவரைச் சிறையில் சந்திக்கப் போகும்போது இதைச் சொல்லுங்கள். உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்கிறது. காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள்.

உங்கள் பயத்தைத் தேவையற்றது என்று தள்ள மாட்டேன். பணிக்குத் தேவைப்படுவோர் மட்டுமே கைதியின் ஆவணத்தைப் பார்க்கலாம், கைதிக்குத் தன் ஆவணத்தைப் பார்க்கும் உரிமை உண்டு என்கின்றன 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, கைதிகளை நடத்தும் முறை பற்றிய மண்டேலா விதிகள். எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாகவே தடுக்கிறது. தேவையற்றதை எழுதாமல் இருப்பதும் பாதுகாப்பே: கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கும்படி 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைப் படித்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

கணினி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழைய தடித்த பதிவேட்டில் தவறான பதிவைச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடுவார்கள். அடித்த எழுத்தைப் பிறகும் படிக்க முடியும். திரையில் செய்யும் திருத்தமும் அதேபோல் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடத்தோடுதான் நிற்க வேண்டும். உங்கள் மகனின் காயக் குறிப்பில் பின்னாளில் ஏதேனும் மாறியதாகத் தெரிந்தால், அந்தத் தடத்தின் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.