ஆண் கடலா, பெண் கடலா?

கேள்வி: ஜூலையில் ராமேஸ்வரம் போகிறோம். ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டு மீன்களைப் படம் எடுக்க ஆசை. போன வருஷம் இதே மாதம் பாம்பனின் தெற்குக் கரையில் எடுத்ததெல்லாம் பச்சைக் கலங்கல், நடுவே வெள்ளைப் புள்ளிகள். நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: கேமரா இருக்கட்டும், நீங்கள் இறங்கிய கடலே தப்பு. தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் அந்த ஊர் மீனவர்கள் சொல்வார்கள். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. தெற்குக் கரை கொந்தளித்து அடிமணலெல்லாம் மேலே வந்துவிடும். வடக்குக் கரை ஓரளவு அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் கதை தலைகீழ். அதனால் இந்தத் தடவை வடக்குக் கரையிலுள்ள ஓலைக்குடா பக்கம் போங்கள். விடிந்ததும் இறங்கி, காற்று ஏறுவதற்குள் கரையேறிவிடுங்கள். அன்றைக்கு இறங்கலாமா என்பதைக் கரையில் வலை பிரிக்கிறவர்களிடம் கேளுங்கள். போனில் பார்க்கும் வானிலையைவிட அவர்களைத்தான் நான் நம்புவேன்.

வெள்ளைப் புள்ளிகள் ஃபிளாஷின் வேலை. தண்ணீரில் மிதக்கும் தூசியில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. ஆளுயரத் தண்ணீரில் வெயிலே போதும், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நிறம் மங்குவது வேறு விஷயம்: தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். ஆழம் மட்டுமல்ல, உங்களுக்கும் மீனுக்கும் இடையிலுள்ள தண்ணீரும் அதில் சேர்த்தி. எனவே ஜூமை மறந்துவிட்டு, ஒரு முழ தூரத்துக்கு நெருங்கப் பாருங்கள்.

நெருங்குவது என்றால் துரத்துவது இல்லை. கணவாயைத் துரத்தினால் மையைக் கக்கிவிட்டுப் போய்விடும். கை காலை அசைக்காமல் மிதந்து பாருங்கள். சற்று நேரத்தில் அது உங்கள் பக்கம் திரும்பி, முன்கைகள் இரண்டை மேலே தூக்கிக்கொண்டு, உடம்பெங்கும் வரிகளை ஓடவிடும். நெளிந்த கோடாகத் தெரியும் அதன் கண்மணிக்கு ஃபோகஸ் வைத்து அழுத்துங்கள். மேலிருந்து குனிந்து எடுத்தால், எந்த மீனும் சந்தைத் தட்டில் கிடக்கிற மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: என் போன் தண்ணீர் புகாத ரகம். அதையே கொண்டுபோகலாமா?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். தண்ணீர் புகாது என்று சொல்வதற்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, உப்புத் தண்ணீருக்குப் பொருந்தாது. போதாததற்கு, தொடுதிரை தண்ணீருக்குள் சொன்ன பேச்சைக் கேட்காது. பழைய ஒலிம்பஸ் டிஜி (TG) ரகக் கேமரா கிடைத்தால் பாருங்கள். டிஜி-6 தனி உறை இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்த பிறகே திறக்க வேண்டும்.

கேள்வி: கடல் அட்டையைக் கையில் எடுத்து வைத்துப் படம் எடுத்தால் தப்பா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தப்புதான், வழக்கே வரும். கடல் அட்டை, கடல் குதிரை இரண்டும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கின்றன. பவளத் துண்டையும் எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் படகை விடாதீர்கள்.

கேள்வி: ஸ்கூபா (காற்று உருளையோடு முக்குளிப்பது) கற்றுக்கொண்டிருக்கிறேன். கேமராவோடு இறங்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இப்போது வேண்டாம். படம் ஆடக் கூடாதென்று மூச்சை அடக்கத் தோன்றும். ஸ்நார்க்கலில் அது பரவாயில்லை. ஸ்கூபாவில் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரலில் காற்று விரிந்து கிழித்துவிடும். கை காலை ஆட்டாமல் ஒரே ஆழத்தில் நிற்க வரட்டும், அப்புறம் கேமரா.