விரலில் 98, இரத்தத்தில் 7

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை. சில மாதங்களாக மேடு ஏறினால் மூச்சு இரைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. இரத்தப் பரிசோதனையிலோ ஹீமோகுளோபின் 7 கிராம் என்று வந்திருக்கிறது. எந்தக் கணக்கு தவறு?
– வாசகி, குலசேகரம்

பதில்: இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் அளப்பது ஒன்றையல்ல. மூச்சில் வரும் ஆக்சிஜன் நுரையீரல் காற்றறைகளின் மெல்லிய சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது. இரத்த நீரில் அது கரைவது மிகச் சொற்பம், 100 மில்லிக்கு 0.3 மில்லி மட்டுமே. மற்றதெல்லாம் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினின் சுமை. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது.

ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, இருக்கின்ற ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ரப்பர் பால் வடியும் சிரட்டைகள் நிறைந்தனவா என்று கேட்டால், 200 மரத்தில் பால் வெட்டியவரும் 100 மரத்தில் வெட்டியவரும் நிறைந்தன என்றே சொல்வார்கள். பாலை வாளியில் ஊற்றினால்தான் வித்தியாசம் தெரியும்.

ஊற்றியே பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லி இரத்தத்தில் 13 கிராம் உள்ள பெண்ணுக்கு, 98 சதவீத நிறைவில், அந்த 100 மில்லி கொண்டுபோவது சுமார் 17 மில்லி. உங்கள் அம்மாவுக்கு 9 மில்லிதான். ஓய்வில் உடல் எடுத்துக்கொள்வது 5 மில்லியளவே என்பதால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. மேடு ஏறும்போது தசைகளின் தேவை பல மடங்காகிறது. ஒரு நடைக்கு ஏறும் சுமை குறைவென்பதால் இதயம் நடையைக் கூட்டுகிறது. அம்மா சொல்லும் படபடப்பு அதுதான்.

ரப்பர் ஷீட்டைப் புகையிட்டு உலர்த்தும் அறையில் நின்றுவிட்டு வந்தும் இக்கருவியை நம்பக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டரோ அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிக் காட்டும்.

பெண்களுக்கு 8-க்குக் கீழே போனாலே அது கடுமையான இரத்தசோகை. ஆகவே இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தருவதோடு நிற்காமல், காரணத்தைக் கண்டறிய மருத்துவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். அதிக உதிரப்போக்கா, குடலில் கசிவா என்று பார்க்க வேண்டும். ஈர மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவர்களுக்குக் குடலில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவும் வரலாம். மாத்திரை போட்ட கையோடு தேநீர் வேண்டாம், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஹீமோகுளோபின் 12-ஐ எட்டிய பிறகும் ஆக்சிமீட்டர் இதே 98-ஐத்தான் காட்டும். முன்னேற்றத்தை இரத்தப் பரிசோதனையிலும் அம்மா மேடு ஏறும் விதத்திலும் பாருங்கள்.