பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் காபித்தூள் ஏன் கொரகொரப்பாக இருக்க வேண்டும்?

பிரெஞ்ச் பிரஸ் என்பது காபித்தூளை வெந்நீரில் ஊறவைத்து, கம்பிவலைத் தட்டை அழுத்தி மண்டியை அடியில் ஒதுக்கும் குடுவை.

நம் ஃபில்டரில் தண்ணீர் தூள் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். இதிலோ தூள் முழு நேரமும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. நைசான தூள் என்றால் நான்கு நிமிடத்தில் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும், வலையிலும் நிற்காது. டீயில் இஞ்சியைத் தட்டிப் போட்டால் வடிகட்டியில் நின்றுவிடுகிறது, சுக்குப்பொடி போட்டால் கடைசி மடக்கு வரை தொண்டையில் கரகரக்கிறது இல்லையா, அதே கதைதான். கடையில் கிடைக்கும் ஃபில்டர் தூளை இதில் போட்டுவிட்டு “நல்லாவே இல்லை” என்று குடுவையை மூலையில் வைத்துவிடாதீர்கள். ரவையைவிடப் பருமனாக, பொடித்த கல் உப்புபோல அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

30 கிராம் தூளுக்கு 450 மில்லி தண்ணீர். கொதித்து இறக்கி அரை நிமிடம் கழித்து ஊற்றுங்கள். மேலே தூள் ஆடைபோல் திரளும். நான்காம் நிமிடம் கரண்டியால் மெல்லக் கலக்கினால் அது உடைந்து, பெரும்பகுதி தானே அடியில் இறங்கும். அந்த நொடியில் எழும் மணம் அருமையானது! பிறகு தட்டை மெதுவாக இறக்கி, உடனே ஊற்றிவிடுங்கள்.

பலமாக அழுத்தினால் காபி திக்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்துவது மண்டியைப் பிரிக்க மட்டும்தான், திக்காக வேண்டுமென்றால் தூளைக் கூட்டுங்கள்.